இலை அரைக்கும் முன் நோயின் பெயர் தெரியட்டும்: தோல் தொற்றுக்கு நாட்டு மருந்து போடும் முறை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குச் சொறிந்துகொண்டே வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். போன வருஷம் அப்படித்தான் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சேலைக்கு மேலேயே தொட்டுக் காட்டி, "இன்னா தம்பி, போன மாசம் வாங்கிக்கினு போனேனே ஒரு ட்யூபு, அதையே குடு. போட்டா உடனே அடங்குது, உட்டா மறுபடியும் வருது" என்றார். மூன்று மாதமாக அவருக்கு இதே கதை. நடுவில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டிருக்கிறார், பக்கத்து வீட்டு ஆயா சொன்னார் என்று பூண்டு நசுக்கி வைத்திருக்கிறார், எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார். எதற்கும் அது நிற்கவில்லை, ஏனென்றால் வந்திருப்பது இன்னது என்று அதுவரை அவருக்கு யாருமே சொல்லவில்லை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நனைந்த பாவாடை இறுக்கிக் கட்டிய இடத்தில், ஓரம் தடித்து, நடுவில் வெளிறி, வளையம் வளையமாகப் படர்ந்திருந்தது படர்தாமரை.

நாட்டு மருந்து வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாசலில் வேப்பமரம் இருக்கிறது, அம்மா சேற்றுப்புண்ணுக்கு மருதாணிதான் அரைப்பார். எந்த இலை எதற்கு, அதை எப்படிப் போடுவது, எத்தனை நாள் பார்ப்பது, எப்போது விட்டுவிட்டு ஓடுவது, இவ்வளவையும் தெரிந்து செய்தால் பயன் உண்டு. தெரியாமல் செய்தால் நாள்தான் போகும், சில நோய்களில் அந்த நாள்தான் முக்கியம்.

முதலில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், டார்ச் அடித்தாவது பாருங்கள். வட்டமாக, ஓரம் மேடாகச் செதில் விட்டு, நடுவில் ஆறினாற்போல இருந்தால் பெரும்பாலும் படர்தாமரை, அது பூஞ்சை. மார்பிலும் முதுகிலும் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக, நகத்தால் சுரண்டினால் தவிடு மாதிரி உதிர்ந்தால் தேமல். அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை. கால்விரல் இடுக்கு வெளுத்து ஊறி வெடித்து நாறினால் சேற்றுப்புண்.

ராத்திரி படுத்த பிறகு அரிப்பு ஏறுகிறது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அந்தரங்கப் பகுதியெல்லாம் சின்னச் சின்ன பொரி, வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் அது சொறி சிரங்கு. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவது. குழந்தையின் மூக்கடியிலும் வாய் ஓரத்திலும் நீர் வடிந்து தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் அது பாக்டீரியா. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, முதலில் எரிச்சலும் குத்தலும் வந்து இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கொத்தாக எழும்பினால் அது அக்கி, அது வைரஸ்.

பூஞ்சை, பூச்சி, பாக்டீரியா, வைரஸ். நான்கும் சிவக்கும், நான்கும் அரிக்கும். ஆனால் ஒன்றைக் கொல்கிற மருந்து இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது.

இவற்றில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிறிய திட்டு அரிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் உணர்வு தெரியவில்லை என்றால், எந்த எண்ணெயும் தடவாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை, முழுதாகக் குணமாகும். தேமல் என்று நினைத்து வருஷக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் நரம்பு போய்விடும்.

ஆராய்ச்சி என்று சொன்னால் எந்த ஆராய்ச்சி என்று கேளுங்கள்

வாட்ஸப்பில் வரும் ஒவ்வொரு இலைக்கும் "அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி கூடவே வரும். அவற்றில் நிறைய இப்படித்தான் இருக்கும்: கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த கெட்டிச் சாற்றை அதில் விட்டுப் பார்ப்பார்கள், கிருமி சாகும். உண்மைதான். ஆனால் நீங்கள் அம்மியில் அரைப்பது அந்தக் கெட்டிச் சாறு இல்லை, உங்கள் தோலும் கண்ணாடித் தட்டு இல்லை. தோலின் மேல்படலத்தைத் தாண்டி மருந்து உள்ளே இறங்க வேண்டும், இறங்கி அங்கே தங்க வேண்டும். அதனால் தட்டில் நடந்த ஆய்வை ஒரு நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், மனிதர்கள் மேல் போட்டுப் பார்த்த ஆய்வைத்தான் ஆதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மனிதர்கள் மேல் பார்த்தவை கொஞ்சம்தான், ஆனால் இருக்கின்றன.

படர்தாமரைக்கும் தேமலுக்கும் சீமை அகத்தி

என்னைக் கேட்டால் பூஞ்சைக்கு நம்மிடம் உள்ள இலைகளில் முதல் இடம் இதற்குத்தான். வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். கீரைக்காரரிடம் கிடைக்கும் அகத்தி வேறு, இது வேறு. குத்துச்செடி, ஒரு காம்பில் ஜோடி ஜோடியாக முனை மழுங்கிய பெரிய இலைகள், பூங்கொத்து மெழுகுவர்த்தி நிறுத்தி வைத்ததுபோல மஞ்சளாக நிமிர்ந்து நிற்கும், காயின் நீளத்துக்கு இறக்கை மாதிரி விளிம்பு ஓடும். காலி மனைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் தானாக வளரும். கால்வாய்த் தண்ணீரில் நிற்கும் செடியிலிருந்து மட்டும் பறிக்காதீர்கள், நம் பக்கத்துக் கால்வாய்களில் என்னென்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். செடி கிடைக்காவிட்டால் பாரிமுனை, கொத்தவால்சாவடி பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த இலையைக் கேட்டுப் பாருங்கள். பச்சை இலைதான் சிறந்தது.

இதன் இலையில் கிரைசோபானிக் அமிலம், ரெயின், அலோ எமோடின் என்று ஒரே குடும்பத்துச் சரக்குகள் இருக்கின்றன. பூஞ்சையை அடக்குவதாகச் சொல்லப்படுவது இவைதான். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று, அங்கே அகபுல்கோ என்று பெயர், சோப்பாகவே விற்கிறார்கள். தேமலுக்கு இந்த இலைச்சாற்றை மனிதர்கள் மேல் பத்து வருஷம் போட்டுப் பார்த்து, நம்பிப் பயன்படுத்தலாம் என்று எழுதிய ஆய்வுக் கட்டுரை 1994இல் வந்தது. நான் துணிந்து சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்முறை எளிது. ஒரு கைப்பிடி இலையை மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறி, தண்ணீர் விடாமல் விழுதாக அரையுங்கள். பழைய முறையில் எலுமிச்சைச் சாறு விட்டு அரைப்பார்கள். அதை விட்டுவிடுங்கள், எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. அதற்குப் பதில் படர்தாமரை என்றால் அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் குழைக்கலாம். தேமல் என்றால் எண்ணெய் சேர்க்க வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

போடுவதற்கு முதல்நாள் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் காசு அளவு தடவி அரைமணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு, மறுநாள் வரை பாருங்கள். சிவக்கவில்லை, எரியவில்லை என்றால் மேலே போகலாம். எந்த இலையாக இருந்தாலும் இதைச் செய்யாமல் போடாதீர்கள்.

குளித்து, நன்றாகத் துடைத்து, காற்றாட விட்டு, வளையத்தின் மேல் மட்டும் இல்லாமல் அதன் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே வரைக்கும் தடவுங்கள், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு வெளியே ஏற்கெனவே போயிருக்கும். அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக் கழுவி, மறுபடி ஈரமில்லாமல் துடையுங்கள். காலை, இரவு இரண்டு வேளை. விழுதை அன்றன்றைக்கு அரைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரம் ஓட்டுவது கூடாது. பத்து நாளில் ஓரத்து மேடு தட்டையாகி அரிப்பு குறைய வேண்டும். குறைந்தால், முழுதாக மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள், பெரும்பாலும் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். பத்து நாளில் ஒன்றும் மாறவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இந்த இலையைக் குடிக்காதீர்கள், நன்றாக வயிற்றைக் கலக்கிவிடும். பேதிக்குக் கொடுக்கும் நிலாவரையின் உறவு இது. தலையில் வந்த படர்தாமரைக்கும் நகத்தில் வந்ததற்கும் எந்த விழுதும் போதாது. முடியின் வேருக்குள்ளும் நகத்துக்கு அடியிலும் இருக்கும் பூஞ்சைக்கு உள்ளே சாப்பிடும் மாத்திரைதான். பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலையும் படர்தாமரைக்குத் தடவுவார்கள், நானும் சின்ன வயதில் தடவியிருக்கிறேன், ஆனால் அதற்கு மனிதர்கள் மேல் நடந்த நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை என்பதால் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அந்த ட்யூபைப் பற்றி

மீன் விற்கும் அம்மா கேட்ட ட்யூபில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு போட்டதும் அரிப்பும் சிவப்பும் ஒரே நாளில் அடங்கும், ஏனென்றால் அது தோலின் எதிர்ப்பையே தூங்க வைக்கிறது. எதிர்ப்பு தூங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வளையத்தின் ஓரம் கலைந்து, அடையாளம் தெரியாமல் பரவி, டாக்டருக்கே கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பதுபோல வரி விழுந்துவிடும், அது பிறகு போகாது. 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கவுண்டரில் கேட்கிறார்கள், பல இடங்களில் கொடுக்கவும் செய்கிறார்கள்.

இன்னொன்று. இப்போது நாட்டில் பரவியிருக்கும் படர்தாமரை நம் பாட்டி காலத்துப் படர்தாமரை இல்லை. 2020இல் ஜப்பானில் ஒரு நேபாளியிடமும் ஓர் இந்தியரிடமும் எடுத்த பூஞ்சையைப் புது வகை என்று கண்டு, டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டை வைத்தே பெயர் வைத்தார்கள். வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கே அசையாதது அதில் நிறைய. அதனால் "எங்க ஆயாவுக்கு ரெண்டு நாள்ல சரியாச்சே" என்று இலையிடமும் எதிர்பார்க்காதீர்கள், மாத்திரையிடமும் எதிர்பார்க்காதீர்கள். உடம்பில் மூன்று நான்கு இடத்தில் வந்துவிட்டால், அல்லது உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டால், இலையைத் தாண்டி நேராக டாக்டர்.

தொடை இடுக்குப் படர்தாமரைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'டோபி இட்ச்', அதாவது வண்ணார் அரிப்பு. துணி வெளுத்துப் பிழைத்தவர்களின் பெயரால் பேட்டையே இருக்கிற ஊரில் வளர்ந்தவன் என்பதால் இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அரிப்பு வெளுத்துக் கொடுத்தவரால் வந்தது இல்லை. நம் ஊர் வெயிலில் இறுக்கமான கம்பளிக் கால்சட்டையும் வியர்வையுமாகச் சுற்றினால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? இன்றைக்கு அந்தக் கால்சட்டைக்குப் பதில் ஜீன்ஸ். மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடியில் பாதி காய்ந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறினால் எந்த இலையும் உதவாது. உள்ளாடையையும் துண்டையும் வெயிலில் காயப்போடுங்கள், வெயில் இல்லாவிட்டால் இஸ்திரி போடுங்கள், ஆளுக்கு ஒரு துண்டு.

தேமலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றதன் காரணம்

தேமலைக் கொடுக்கும் மலசீசியா எல்லோர் தோலிலும் குடியிருப்பது, கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அதற்குச் சாப்பாடு போடுகிறோம். தலையில் வரும் பொடுகுக்குக் காரணமும் இதே பூஞ்சைதான், அங்கேயும் எண்ணெய் ஊறவைத்தால் கூடுமே தவிரக் குறையாது. சீமை அகத்தி விழுதோ, செலினியம் சல்ஃபைடு ஷாம்புவோ போதும். தேமலின் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். வெளிறி இருக்கிறதே என்று மறுபடி மறுபடி தடவ வேண்டியதில்லை, சுரண்டினால் தவிடு உதிராவிட்டால் வேலை முடிந்தது.

அதே தேங்காய் எண்ணெய் கரப்பான் (எக்ஸிமா) வந்து வறண்ட தோலுக்கு நல்லது. செக்கெண்ணெயாக, காய்ச்சாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆலிவ் எண்ணெயோடு ஒப்பிட்டு 2008இல் வந்த ஆய்வில், கரப்பான் தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி தேங்காய் எண்ணெயில்தான் அதிகம் குறைந்தது.

சொறி சிரங்குக்கு வேம்பும் மஞ்சளும்

இதற்கு நல்லதாக ஓர் ஆய்வு உண்டு. 1992இல் வெளிவந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதை 814 பேருக்குப் பூசியதில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளுக்குள் குணமானது. பெரிய எண்ணிக்கை. ஆனால் பக்கத்தில் வேறு மருந்து போட்ட ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை, அதனால் சொறி சிரங்குக்கு டாக்டர்கள் எழுதித் தரும் பெர்மெத்ரின் களிம்பைவிட மேல் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. உதவும் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. வேப்பெண்ணெயைச் செடிகளில் வரும் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்த ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2005இல் கடைசியாக விழுந்தது. இரண்டையும் காட்டி "உலகமே ஒத்துக்கொண்டது" என்பார்கள். அந்த வழக்குகளில் நிலைநின்றது இவை புதுக் கண்டுபிடிப்பு இல்லை, நமக்குப் பழைய சரக்கு என்பது. எவ்வளவு குணமாக்கும் என்பது வேறு கேள்வி, அதற்கு மேலே சொன்ன மாதிரி ஆய்வுதான் பதில் சொல்லும்.

இரண்டு கைப்பிடி வேப்பிலை, சுண்டுவிரல் நீளம் விரலி மஞ்சள். பாக்கெட் மஞ்சள்தூள் வேண்டாம், நிறத்துக்காக எதையாவது சேர்த்திருந்தால் அது புண்ணில் இறங்கும். விரலியை முதல்நாள் ராத்திரி ஊறவைத்து உரசியோ இடித்தோ இலையோடு சேர்த்து நெகிழ அரையுங்கள். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை எல்லா இடத்திலும், முக்கியமாக விரல் இடுக்கு, நக இடுக்கு, தொப்புள், அக்குள், இடுப்பு, அந்தரங்கப் பகுதி என்று விடாமல் பூசுங்கள். காய்ந்து இழுக்கிற வரை வைத்துக் குளியுங்கள். தினமும் ஒரு வேளை, 15 நாள் வரை.

ஆனால் பூசுவதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் எல்லோரும், அரிக்காதவர்களும், அதே நாளில் பூச வேண்டும். முதல்முறை பூச்சி ஏறியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை அவர் தெரியாமலே மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். அன்றே போர்வை, தலையணை உறை, போட்டிருந்த துணி எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாளாவது ஒதுக்கி வையுங்கள், மனித உடம்பு இல்லாமல் இந்தப் பூச்சி அதற்குமேல் தாங்காது. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், தண்ணீர் லாரிக்குக் குடம் பிடிக்கிற நிலைமையில் இதை 15 நாள் செய்வது லேசு இல்லை. அந்த வீடுகளுக்கு நான் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைத்தான் சொல்வேன்: எல்லோரும் ஒரே ராத்திரி பூசி, 8 முதல் 12 மணி நேரம் வைத்துக் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சின்னக் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கந்தகக் களிம்பு கொடுக்கும் வழக்கம் உண்டு. சித்த மருத்துவம் காலங்காலமாகக் கையாளும் அதே கந்தகம்தான். ஆனால் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். அது ஒவ்வாமை. பயந்து மறுபடி மறுபடி பூசினால் தோல்தான் எரியும்.

குப்பைமேனியையும் உப்பையும் அரைத்துப் போடுவது நம் பக்கம் உண்டு. வெளியே போடுவதோடு நிற்கட்டும், சாறாக்கிக் குடிக்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அதைச் சாப்பிட்டதும் ரத்த அணுக்கள் உடைந்த சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே கொடுக்காதீர்கள். 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் பாதித்து உயிரே போயிருக்கிறது.

சேற்றுப்புண்

மருதாணி இலையும் மஞ்சளும் அரைத்து ராத்திரி விரல் இடுக்கில் வைப்பது. மருதாணிக்கு நிறம் கொடுக்கும் லாசோன் தட்டில் பூஞ்சையை அடக்குகிறது, அவ்வளவுதான் ஆதாரம். பயன் தெரிகிறது என்பது என் அனுபவம். கூம்பில் வரும் கறுப்பு மெஹந்தியைத் தொடாதீர்கள், அதில் கலக்கும் சாயம் கொப்புளிக்க வைக்கும். ஆனால் உண்மையான மருந்து உலர்வுதான்: வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்பு போட்டுக் கழுவி, ஒவ்வொரு இடுக்காகத் துணியை விட்டு ஒற்றி, ஃபேன் காற்றில் பத்து நிமிஷம். மழைவெள்ளத்தில் நடந்து வந்த காலில் புண் இருந்து, அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர் காலில் எந்த இலையும் வேண்டாம். ஒரு நாள்கூட.

கட்டி

அரிசி மாவும் மஞ்சளும் களியாகக் கிண்டி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவது நல்ல முறை. அதில் வேலை செய்வது பெரும்பாலும் சூடுதான். ரத்த ஓட்டம் கூடி, பழுத்து, தானாக உடையும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை பத்து நிமிஷம் வைத்தாலும் அதே பலன். மூக்கிலும் மேலுதட்டிலும் வந்த கட்டியைப் பிதுக்காதீர்கள், அங்கிருந்து கிருமி மூளைப் பக்கம் போக வழி இருக்கிறது.

தோலில் வைக்கவே கூடாதவை

என் அக்கா பையனுக்குப் பத்து வயது. காலில் வந்த படர்தாமரைக்குப் பூண்டை நசுக்கி வைத்து, பேண்டேஜ் சுற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டார்கள். காலையில் அவிழ்த்தால் வளையம் இருந்த இடத்தில் தோல் வெந்து, நெருப்புப் பட்டதுபோலக் கொப்புளம். ஆற மூன்று வாரம் ஆனது, தழும்பு இன்னும் இருக்கிறது. பூண்டுக்கு ஆராய்ச்சி இருக்கிறதே என்று கேட்டார்கள். இருக்கிறது. வெனிசுவேலாவில் 1996இல் கால் பூஞ்சை உள்ள 34 பேருக்குப் போட்டார்கள், 27 பேருக்கு ஒரே வாரத்தில் சரியானது, மீதிப் பேருக்கு அடுத்த வாரம். ஆனால் அவர்கள் போட்டது பூண்டிலிருந்து பிரித்தெடுத்த அஜோயின் என்ற பொருளை வெறும் 0.4 சதவீதம் கலந்த களிம்பு. பச்சைப் பூண்டு அது இல்லை.

எருக்கம்பால் வேண்டாம், கை கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். சேராங்கொட்டை வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் வண்ணார் துணிக்கு அடையாளக் குறி வைத்தது அதன் பாலில்தான், எத்தனை துவைத்தாலும் போகாது. குறி பட்ட காலர் இடத்தில் கழுத்துத் தோல் வெடித்த பட்டாளக்காரர்களைப் பற்றி இரண்டாம் உலகப்போர் காலத்தில் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். துணியில் ஒரு பொட்டு இருந்ததற்கே அப்படி என்றால், புண்ணில் தேய்த்தால் என்ன ஆகும்?

அக்கி எழுதுவது

நம் பக்கம் இன்னமும் காவி குழைத்து அக்கி எழுதுகிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் கொஞ்சம் தணியும், அவர்கள் ஆதரவாகப் பேசுவதிலேயே பாதி வலி போகும். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கி என்பது சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது நரம்பில் ஒளிந்துகொண்ட வைரஸ் பல வருஷம் கழித்து வெளியே வருவது. கொப்புளம் எழும்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்று தடவை எழுத வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும், பிறகு கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும், வயதானவர்களைத் தூங்கவே விடாது. எழுதிக்கொள்ள விரும்பினால் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள், உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் காவி பட வேண்டாம். நெற்றியிலோ, கண்ணைச் சுற்றியோ, மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள், பார்வை போகலாம்.

எப்போது இலையை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்

காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, தொட்டால் சுடுவது, புண்ணிலிருந்து மேலே ஓடும் சிவப்புக் கோடு, பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி. இதில் எது வந்தாலும் அந்த நேரமே. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைக்குத் தேன் நிறப் பொருக்குப் புண் வந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் காட்டுங்கள், மருந்து கொடுங்கள், ஆறின பிறகும் மூன்று நான்கு வாரம் மூத்திரத்தைக் கவனியுங்கள். முகம் வீங்கி, மூத்திரம் டீத்தண்ணீர் நிறத்தில் போனால் அந்தத் தொற்றின் பாதிப்பு சிறுநீரகம் வரை போயிருக்கலாம். சித்த மருந்தாகவே பார்க்க வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், படித்த மருத்துவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

போகும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். சிவப்பின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதி, போனில் படம் எடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று டாக்டருக்கு ஒரே பார்வையில் தெரியும். அப்புறம், இதுவரை தடவிய எல்லாவற்றையும், தீர்ந்துபோன ட்யூபையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மீன் விற்கும் அம்மாவை அப்படித்தான் அனுப்பினேன். அவர் பையில் ஐந்து ட்யூபு இருந்தது, நான்கில் ஸ்டீராய்டு.